தாமோதரம் பிள்ளையின் முதற் பதிப்புகள்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-ல் பிறந்த ஸ்ரீ சி. வை. தாமோதரம் பிள்ளை, சென்னைச் சர்வகலாசாலை முதன்முறையாக நடத்திய பி.ஏ. பரீட்சையில் தேறிய இருவருள் ஒருவர். பின்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நியாயாதிபதியாகவும் அமர்ந்தார். ஆயினும் தமிழுலகம் அவரைப் போற்றுவது பட்டத்துக்காகவன்று, பதவிக்காகவுமன்று; அவர் வெளியிட்ட முதற் பதிப்புகளுக்காகவே.

முதற் பதிப்பென்றால், பழம் புத்தகம் சேர்ப்போர் பெருவிலை கொடுத்துத் தேடும் அபூர்வப் பொருள் என்றே இன்று பலர் கருதுகின்றனர். பிள்ளையவர்கள் காலத்தில் அதன் பொருள் வேறு. பண்டை நூல்கள் மடங்களிலும் வீட்டுப் பரண்களிலும் செல்லுக்கு இரையாகி வந்தன. எஞ்சிய ஏடு அழிந்தால் நூலே அழிந்ததாகும். அந்நிலையில் வீரசோழியத்தை 1881-லும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885-லும், கலித்தொகையை 1887-லும் அவர் அச்சிட்டார். எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறியது கலித்தொகையே.

அப்பதிப்புகளில் பிழை கண்டு பழித்தோர் உண்டு. பிழையைப் பின்வருவோர் திருத்தலாம். மாண்ட நூலை மீட்பார் யார்? சிலர் வீட்டில் முடங்கிக் கிடந்த செல்வத்தை ஜனங்களின் பொதுச் சொத்தாக்கிவிட்டு, 1901-ல் அவர் மறைந்தார்.

சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் அச்சேறாத சுவடிகள் இன்றும் உள. தமிழ்த் தொண்டு பேசுவோர் அவற்றுள் ஒன்றையேனும் அச்சேற்றுவாராக. பிள்ளையவர்களுக்கு அதனினும் சிறந்த ஞாபகச் சின்னம் வேறில்லை.