அகராதி கண்ட ஜான்சன்

இங்கிலாந்து நாட்டின் இலிச்பீல்டு என்னும் ஊரில், புத்தக வாணிகர் ஒருவரின் மகனாக 1709 ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்சன் தோன்றினார். இளமையிலேயே கண்டமாலை நோய் அவர்தம் கண்ணொளியைக் குறைத்தது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், வறுமையால் ஓராண்டிற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னர்ப் பள்ளி நடத்தினார். மாணவர் மிகச் சிலரே வந்தனர். 1737 ஆம் ஆண்டில் இலண்டன் புகுந்து, எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார்.

1746 ஆம் ஆண்டில் அந்நகரத்துப் புத்தக வணிகர் சிலர் கூடி, 1,500 கினிப் பொன் ஊதியம் பேசி, ஆங்கிலத்திற்கு ஓர் அகராதி இயற்றுமாறு அவரை வேண்டினர். மூன்றாண்டில் முடிப்பதாக எண்ணிய வேலை ஏறத்தாழ ஒன்பதாண்டு நீண்டது. இடையே மனைவியாரும் இறந்தனர். 1755 ஆம் ஆண்டில் 42,000 சொற்களுக்கு மேற்கொண்ட அந்நூல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

அகராதி நகைப்பதற்குரிய நூலன்று. ஆயினும் ஜான்சன் ஆங்காங்கே குறும்புப் பொருளும் வரைந்தார். ஓட்ஸ் என்பது இங்கிலாந்தில் குதிரைக்கு இடும் தானியம், ஸ்காத்லாந்திலோ மக்களைக் காப்பது என்றார். இதில் வேடிக்கை யாதெனின், அவர்க்கு உதவிய எழுத்தர் அறுவருள் ஐவர் ஸ்காத்லாந்தினர்! அகராதி தொகுப்போன் என்னும் சொல்லுக்கோ, தீங்கறியாது உழைத்து மாயும் கூலியாள் என்று தம்மையே எள்ளிப் பொருள் உரைத்தார். உள்நாட்டுத் தீர்வையை வெறுக்கத்தக்க வரி என்று வைதது கண்டு, அவ்வரி அதிகாரிகள் அரசாங்க வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டனர். நம் இலக்கண நூலோர் இத்தகையவற்றை அங்கதம் என்பர்.

இவை யாவினும் கூரியது, அரசர் அளிக்கும் மானியத்திற்கு அவர் வரைந்த பொருள். இங்கிலாந்தில் அது, அரசாங்கக் கூலியாள் தன் நாட்டிற்குச் செய்யும் துரோகத்திற்காகப் பெறும் சம்பளம் என எழுதிவிட்டார்.

அகராதியாற் புகழ் வந்தது, பொருள் வந்திலது. மறு ஆண்டே ஆறு பவுனிற்கும் குறைந்த கடனுக்காக அவர் பிடிபட்டார்; நண்பர் ஒருவர் உதவி செய்து மீட்டனர். இந்நிலையில், 1762 ஆம் ஆண்டில், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டிற்கு 300 பவுன் மானியம் அளிக்க முன்வந்தார். ஜான்சன் கலங்கினார். தாம் எழுதிய சொல் தம்மையே சுடுமன்றோ? ஓவியர் ரெனால்ட்ஸை அணுகி, ஏற்பது தகுமோ என வினவினார். அப்பொருள் அவரைச் சாராது என்றார் ரெனால்ட்ஸ். இனிச் செய்யவேண்டிய பணிக்காக அன்று, முன்னர்ச் செய்த பணிக்காகவே அது தரப்படுகின்றது என முதலமைச்சர் பியூட் பிரபுவும் உறுதி கூறினார். அதன் பின்னரே ஜான்சன் இசைந்தார்.

பகைவர் விட்டாரில்லை. அவர் வரைந்த பொருளையே பத்திரிகையில் எடுத்துக்காட்டி ஏளனம் செய்தனர். ஜான்சன் அதனைப் பொறுத்தார். பார்வையிழந்த புலமைப் பெண்மணி, ஏழை மருத்துவர் முதலியோர் அவர் இல்லத்தில் தங்கி உண்டனர்.

1773 ஆம் ஆண்டில் அகராதியைத் திருத்தி நான்காம் பதிப்பை வெளியிட்டார். எண்ணற்ற இடங்களில் மாற்றம் செய்தவர், ஒரு கோடு இழுத்தால் மறையக்கூடிய அப்பொருளைமட்டும் தொட்டிலர். 1784 ஆம் ஆண்டு டிசம்பர் 13 ஆம் நாள் அவர் உயிர் நீத்தபொழுது, மானியமும் நின்றிலது. அகராதியில் அவ்வசையும் அழிந்திலது.