கடனைக் கேட்காத விடுதிக்காரர்

ஜோர்ஜ்டவுனின் லெபோ ஃபார்குவாரில், கடலைப் பார்த்து நிற்கும் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலைக் கெலுகோர்வாசிகள் அறிவர். அதைப் பல்லாண்டுகள் நடத்தியவர் அர்ஷாக் சார்க்கீஸ். பாரசீகத்தின் இஸ்ஃபஹானிலிருந்து வந்த ஆர்மீனியச் சகோதரர்கள் நால்வரில் கடைக்குட்டி. 1880களில் அண்ணன்மார் மார்ட்டினும் திக்ரானும் தொடங்கிய விடுதி அது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலும் இக்குடும்பம் தொடங்கியதுதான்.

1911இல் ஜெர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே இங்கு தங்கினார். 1920களில் மலாயாவைச் சுற்றிவந்த சோமர்செட் மாமும் தங்கினார். மாம் எழுதியது பெரும்பாலும் தோட்டத் துரைமாரின் கதைகளை. பால்மரம் வெட்டிய நம்மவர்கள் அவற்றில் ஓரமாகவே நிற்கிறார்கள்.

அதே துரைமார்தான் அர்ஷாக்கின் வாடிக்கையாளர்கள். கையில் காசில்லாதவரின் பில்லை அவர் கேட்காமலே விட்டுவிடுவார் என்று சொல்வதுண்டு. விடுதியை விரிவாக்கவும் தாராளமாகச் செலவழித்தார்.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை சரிந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். துரைமாருக்கும் வேலை போனது. 1931 ஜனவரியில் அர்ஷாக் காலமானார். அவ்வாண்டே சார்க்கீஸ் சகோதரர்கள் நிறுவனம் திவாலானது. ஹோட்டல் கைமாறி, இன்றும் நடக்கிறது.