பாலூட்டியின் முட்டையைக் கண்டவர்

கோழி முட்டையிடுவதை அறியாதவர் இல்லை. ஆனால் ஆட்டுக்கும் நாய்க்கும், ஏன், நம்மைப் பெற்ற தாய்க்கும் முட்டை உண்டு என்பதை 1827 வரை எவரும் ஐயமறக் காட்டியதில்லை. காட்டியவர் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர். தேர்வுக்கு ஒற்றை வரியாக மனப்பாடம் செய்துவிட்டு நாம் கடந்துவிடும் பெயர் அது.

இன்றைய எஸ்தோனியாவில், பீப் என்னும் பண்ணையில் 1792இல் பிறந்தார். நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவருக்கும் எனக்கும் ஒப்பேது? எனினும், கையிலிருந்த மருத்துவத் தொழிலை விட்டு, வருவாய்க்கு உறுதியில்லாத ஆராய்ச்சியின் பின்னே போன அவர் துணிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. டோர்ப்பாட்டில் மருத்துவம் பயின்றார். 1812இல் நெப்போலியன் படையெடுப்பின்போது ரீகா நகரில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்யப்போய்த் தாமே நச்சுக்காய்ச்சலில் விழுந்து எழுந்தார். பின்னர் வூர்ட்ஸ்பர்க்கில் டோலிங்கரிடம் உயிரியல் கற்று, 1817இல் கூனிக்ஸ்பர்க்கில் புர்டாக் என்ற பேராசிரியரின் கீழ்ப் பணியில் அமர்ந்தார்.

அந்நாளில் ஒரு புதிர் இருந்தது. அண்டகத்தில் காணும் கொப்புளங்களை 1672இல் கிராஃப் விவரித்திருந்தார். அவையே முட்டை என்றனர் பலர். ஆனால் அண்டநாளத்திலும் கருப்பையிலும் பிற்பாடு காணும் உருண்டைகள் அக்கொப்புளங்களைவிடச் சிறியவை! பெரியது சிறியதாவது எப்படி? ஒன்றரை நூற்றாண்டு இந்த வினா கிடந்தது.

பேயர் பின்னோக்கி நடந்தார். நாய்களின் அண்டநாளத்தில் கண்ட நுண்ணிய உருண்டை எங்கிருந்து வந்தது என்று தேடினார். சில நாள்களுக்கு முன் சேர்ந்திருந்த நாய் ஒன்று தேவைப்பட்டது. புர்டாக் தம் வீட்டு நாயையே கொடுத்தார். அதன் அண்டகத்தைக் கையிலெடுத்த பேயர், கொப்புளத்தினுள் மஞ்சள் கலந்த வெண்புள்ளி ஒன்றை வெறுங்கண்ணாலேயே கண்டார். கத்தி முனையால் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தவர், மின்னல் தாக்கியவர்போல் பின்வாங்கினார். மறுபடி பார்க்கவே அஞ்சினார். கொப்புளம் முட்டையன்று, முட்டையின் வீடு. சாயமேற்றிய ஸ்லைடில் அதை நாம் அரை நிமிடத்தில் கண்டு நோட்டில் வரைந்துவிடுகிறோம். அவருக்குச் சாயமும் இல்லை, இன்னது தேடுகிறோம் என்று சொல்லித்தர ஆசிரியரும் இல்லை. உயிர் கொடுத்த அந்த நாயைப் பற்றி எந்தப் பாடநூலும் பேசுவதில்லை என்பது வேறு.

லத்தீனில் நூல் வெளிவந்தது. உலகம் வாய் திறக்கவில்லை. 1828இல் பெர்லினில் அறிஞர் மாநாட்டுக்குப் போனார்; இறுதி நாள் வரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை. கடைசியில் ஸ்வீடன் நாட்டு ரெட்சியஸ் காட்டும்படி வேண்ட, பிறகே பலர் கூடிப் பார்த்தனர்.

உழைப்பு அவரைத் தின்றது. பனி மூடியிருந்தபோது அறைக்குள் புகுந்தவர் வெளியே வந்தபோது ரை பயிர் கதிர்விடும் தறுவாயில் நின்றது. வயலோரம் விழுந்து அழுதார். விதைப்பும் அறுப்பும் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் படிக்கச் சற்று நேரம் பிடித்தது. 1834இல் பீட்டர்ஸ்பர்க் சென்றார். கருவளர்ச்சி பற்றிய பெருநூலின் இரண்டாம் பாகம் முற்றுப்பெறாமலே 1837இல் அச்சாயிற்று. அதன்பின் நோவாயா செம்லியாவின் பனி, காஸ்பியன் கடலின் மீன்வளம் என்று வேறு திசைகளில் உழைத்து, 1876இல் டோர்ப்பாட்டில் மறைந்தார்.

அவர் கண்ணில் அந்தப் புள்ளி பட்டதற்கு நாய் முட்டையில் செறிந்துள்ள கொழுப்பும் ஒரு காரணம். அதே கொழுப்பு இன்று ஆய்வகத்தில் தடையாகிறது. உட்கருவைப் பார்க்கவிடாமல் மறைக்கிறது. பெரும்பாலான பாலூட்டிகளில் முட்டை முதிர்ந்தே அண்டகத்தை விட்டு வரும். நாயிலோ முதிராமல் வந்து, அண்டநாளத்தில் இரண்டு மூன்று நாள் கிடந்த பிறகே கருவுறத் தகுதி பெறும். அந்தக் குழாய் செய்வதைக் கண்ணாடித் தட்டில் செய்ய முயன்றால் மிகச் சில முட்டைகளே முதிர்கின்றன. 2015இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், உடலுக்கு வெளியே கருவூட்டப்பட்ட முதல் நாய்க்குட்டிகள் ஏழு பிறந்தன. அவற்றுக்கான முட்டைகளும் தாயின் அண்டநாளத்திலேயே முதிரவிட்டு எடுக்கப்பட்டவைதாம்.