தொழிலாளர் நடுவே தமிழ்த்தென்றல்

தமிழ்த்தென்றல் எனத் தமிழுலகம் போற்றும் திரு.வி. கலியாணசுந்தரனார் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் தோன்றினார். பயின்றதும் பணியாற்றியதும் இராயப்பேட்டையில். யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளையிடமும், பின்னர் மயிலை தணிகாசல முதலியாரிடமும் தமிழும் சைவமும் கற்றார். வெசுலி பள்ளியில் தமிழாசிரியராய் விளங்கியவர், 1917இல் 'தேசபக்தன்' ஆசிரியரானார்.

அந்நாளில் பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். வேலைநேரம் நீண்டது, பகலுணவுக்கு இடைவேளையோ அரைமணிதான். அவர்தம் குறைகளைக் கேட்டறிந்த செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் வணிகர் இருவர், தாங்கள் நடத்திய ஆன்மிக சபையின் மேடைக்குத் திரு.வி.க.வை அழைத்தனர். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார். வாடியாவின் ஆங்கிலத்திற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருந்தது; திரு.வி.க.வின் தமிழ் நேரே நெஞ்சில் சேர்ந்தது. அவ்வாண்டிலேயே மனைவி கமலாம்பிகையை இழந்தார். மறுமணம் நாடவில்லை.

சங்கத்தால் விளைந்த நன்மை யாது? 1920இல் ஆலையார் சங்கத் தலைவர்கள்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றனர். வேலைநிறுத்தத்திற்குத் தூண்டுவதே இழப்பீட்டுக்கு உரிய பிழையாயிற்று. அவ்வழக்கு எழுப்பிய கேள்வி நாடெங்கும் பரவி, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலியது. பதிவுபெற்ற சங்கங்கள் அத்தகைய வழக்குகளினின்று காப்புப் பெற்றன.

ஆயினும் வரலாறு வெற்றியை மட்டும் கூறாது. 1921இன் நெடிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் பணிக்குத் திரும்பினர். பட்டினியைத் தாங்கும் வலிமை எல்லார்க்கும் ஒன்றன்று. சாதியால் முன்னரே ஒதுக்கப்பட்டவர்க்குச் சங்கத்தின்மேல் முழு நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்? புளியந்தோப்பில் கலவரம் மூண்டு, குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன. வேலைநிறுத்தம் தோற்றது. சாதியைக் கடவாத ஒற்றுமை ஒற்றுமையாகாது என்பதே அதன் பாடம். ஆளுநர் வில்லிங்டன் நாடுகடத்தலைச் சுட்டி எச்சரித்தபோதும் திரு.வி.க. தொழிலாளரைக் கைவிட்டாரல்லர். இன்றைய தியாகராய நகர் பெயர் தாங்கும் பிட்டி தியாகராயர், அரசியலில் அவருக்கு எதிரணியினர். ஆயினும் அவரும் அப்போராட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தோர் பக்கம் பேசினார்.

கூலி உயர்ந்தால் துணிவிலையும் உயரும். வாங்குவோர் துன்புறுவர் என்பார் உளர். தறி நின்றால் கடையில் துணி குறைவதும் உண்மையே. ஆனால் ஆலைத் தொழிலாளியும் துணி வாங்குபவனே. அவன் கையில் காசு இருந்தால்தான் அங்காடி வாழும். சங்கம் அமைக்க முன்வந்த இருவரும் வணிகர் என்பது எண்ணத்தக்கது.

1947இல், விடுதலை வாயிலை எட்டிய வேளையில், ஆலைப் போராட்டத்தின் பொருட்டு அவரைக் காங்கிரசு அரசே வீட்டுக்காவலில் வைத்தது. தாம் உழைத்து வளர்த்த கட்சியின் கையால் வந்த காவல் அது. முதுமையிலும் அவர் நிலை மாறவில்லை. 1953 செப்டம்பர் 17இல் மறைந்தார்.

'முருகன் அல்லது அழகு' எழுதிய கையே ஆலைத் தொழிலாளரின் கையைப் பற்றியது. அழகை வழிபடுவோன் பசியைக் காணாதிருத்தல் இயலாது எனத் தம் வாழ்வால் உரைத்த அப்பெரியார், கவிபாடுவோர் யாவர்க்கும் நல்வழித்துணை.