பொன்னாந்து ஆண்டகை

பிறர் நம்மீது குறை கூறுங்கால் சினங்கொள்ளுதல் எளிது. அக்குறை நம்பால் உண்டோ என ஆராய்ந்து திருந்துதல் அரிது. அவ்வரிய செயலைப் புதுவையில் நிகழ்த்தியவர் கிளமெந்து பொன்னாந்து ஆண்டகை.

இவர் பிரெஞ்சு நாட்டில் 1796ஆம் ஆண்டு பிறந்தார். குருப்பட்டம் பெற்றபின், 1824இல் மறைத்தொண்டு புரிய இந்தியா போந்தார். தெலுங்கு நாட்டிற் சில ஆண்டுகள் உழைத்தார். 1836இல் புதுவையைத் தலைமையிடமாகக் கொண்ட மறைப்பகுதியின் பொறுப்பு இவர்பால் வந்தது.

இவர் ஆற்றிய பணியின் வேர் ஐரோப்பாவில் உள்ளது. 1517இல் செருமானிய நாட்டுத் துறவி மார்ட்டின் லூதர், பாவத் தண்டனைக் குறைப்பின் பெயராற் பொருள் திரட்டும் வழக்கத்தைக் கண்டித்தார். அவர் எழுப்பிய கிளர்ச்சியால் திருச்சபை பிளவுண்டது. பிரிந்தோர் புரோட்டஸ்டண்டார் எனப்பட்டனர். அவர்தம் முறையீட்டுக்கு விடைகாணக் கத்தோலிக்க ஆயர்கள் இத்தாலியின் வடபாலுள்ள திரெந்து நகரில், 1545 முதல் 1563 வரை இடையிட்டு இடையிட்டுக் கூடினர். தம் கோட்பாடுகளை அவர்கள் விட்டிலர். ஆயினும் பழுதுற்ற நடைமுறைகளைத் திருத்த முற்பட்டனர். பொருள் திரட்டும் அத்தீய வழக்கை விலக்கினர். ஆயர் தத்தம் மறைப்பகுதியிலேயே தங்கிப் பணிபுரிதல் வேண்டும் என்றனர். குருத்துவம் பயில்வார்க்குத் தனிக்கல்விக்கூடங்கள் அமைக்குமாறும் விதித்தனர்.

தமிழகத்திற்குப் புரோட்டஸ்டண்டார் 1706இல் தரங்கம்பாடி வழியே வந்தனர். அவர்கள் பள்ளிகள் நிறுவினர். அச்சகம் அமைத்துத் தமிழ் நூல்களை வெளியிட்டனர். நாளடைவில் அவர்தம் கல்விப்பணி நாடெங்கும் பரவிற்று. அப்பணிக்கு ஈடாகத் தம் மக்களுக்கும் கல்வியளித்தல் கத்தோலிக்கருக்குக் கடமையாயிற்று.

இதனையுணர்ந்த ஆண்டகை, 1844 சனவரித் திங்களில் தம் குருக்களைப் புதுவையிற் சங்கமாகக் கூட்டினார். இந்நாட்டு இளைஞரைக் குருக்களாகப் பயிற்றுதலும், சிறுவர் சிறுமியர்க்குக் கல்வி புகட்டுதலும் அங்கே ஆராயப்பட்டன. திரெந்துச் சங்கம் விதைத்த வித்து முந்நூறு ஆண்டுகளின் பின் நம் மண்ணில் முளைத்தது எனலாம்.

சங்கத்தின் முடிவுகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. புதுவையில் இன்றும் விளங்கும் பெத்தி செமினேர் பள்ளி அவ்வாண்டில் தோன்றியதே. பெண்கள் எழுத்தறிதலைப் பலரும் இழிவெனக் கருதிய காலம் அது. எனினும் அவ்வாண்டின் அக்டோபர்த் திங்களிலேயே, சிறுமியர்க்குக் கற்பிக்கவெனத் தமிழ்ப் பெண்களைக் கொண்ட கன்னியர் சபை ஒன்றை துய்ப்புயி அடிகளார் நிறுவினார்.

சாதி வேற்றுமை என்னும் நோயை அச்சங்கம் களைந்திலது. இவ்வுண்மையை மறைத்தல் தகாது. எனினும், அது திறந்த கல்விக்கூடங்களின் வாயில் வழியே அறிவொளி பலர் இல்லங்களிற் புகுந்தது.

முதுமையிலும் ஆண்டகை ஓய்ந்திலர். இந்திய நாட்டு மறைப்பகுதிகளைப் பார்வையிடும் பணி மேற்கொண்டு நெடும்பயணம் புறப்பட்டார். அப்பயணத்திடையே 1861இல் காசி நகரில் உயிர் நீத்தார்.

மாணவர்களே! மாற்றார் கூறும் குறையிலும் மெய்ம்மை உண்டாயின், அதனை ஏற்றுத் திருந்துதலே பெருமை. வசைக்கு வசை கூறுதல் பகையை வளர்க்கும். பள்ளிக்குப் பள்ளி எழுப்புதல் நாட்டை வளர்க்கும்.