சிற்றுயிர்க் கூட்டிற் கடலைக் கண்ட ஹெக்கல்

மாரி பெய்து முகத்துவாரம் திறந்துகொண்டால் நமது வாவியின் நீர் மாறும். நீர் மாறவே அதில் அகப்படும் மீனும் இறாலும் மாறும். இஃது இவ்வூர்ச் சிறுவரும் அறிந்ததே. கண்ணுக்குப் புலனாகாத கடற் சிற்றுயிர்களின் வடிவிலும் நீரின் இயல்பு பதிந்திருத்தலை உலகறியத் துணைநின்றோருள் ஒருவர் ஏர்னஸ்ட் ஹெக்கல் என்னும் பேரறிஞராவர்.

இவர் 1834இல் ஜேர்மனியின் பொற்ஸ்டாம் நகரிற் பிறந்தார். மருத்துவம் கற்றுத் தேறியவர், 1859இல் இத்தாலியின் மெசினாத் துறையை அடைந்து, ரேடியோலாரியா என்னும் மிதவை உயிர்களைக் கண்டு உளம் பறிகொடுத்தார். சிலிக்காவாற் பளிங்குக் கூடு சமைக்கும் இவ்வுயிர்களைப் பற்றி 1862இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். யேனாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியருமானார்.

1881இன் இறுதியில் நம் இலங்கைக்கும் வந்தார். வெலிகம வாடிவீட்டை ஆய்வுகூடமாக்கிக்கொண்டு, படகிற் சென்று வலையிட்டுக் கடலுயிர்களைச் சேகரித்தார்.

சலெஞ்சர் என்னும் பிரித்தானியக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் திரட்டிய ரேடியோலாரியாக்களை ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆராய்ந்து, 1887இல் அறிக்கை வெளியிட்டார். 4,000இற்கு மேற்பட்ட இனங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. மேல்நீரில் வாழ்வனவற்றின் கூடு மெல்லியது. ஆழத்தில் வாழ்வனவற்றின் கூடு தடித்துக் கனத்தது என அவர் எடுத்துரைத்தார். உயிர் நீங்கியபின் இக்கூடுகள் கடலடியிற் படிந்து உயிர்ச்சுவடுகளாகின்றன. அவற்றின் இனத்தையும் வடிவத்தையும் கொண்டே, பண்டைக் கடல் வெம்மையுற்றிருந்ததா, குளிர்ந்திருந்ததா என்று இன்றைய அறிஞர் கணிக்கின்றனர். ஹெக்கல் தனியினமென வகுத்தவற்றுட் பல, ஓரினத்தின் வேறுபாடுகளே எனப் பின்வந்தோர் கண்டனர்.

பெரியார் வாழ்விற் குறையை மறைத்தல் வரலாறாகாது. 1868இல் வெளியிட்ட நூலில், ஒரே அச்சுப்படத்தை மூன்று வேறு விலங்குகளின் கருவெனக் காட்டினார். கண்டனம் எழுந்தபின்னரே திருத்தினார். சிற்றுயிரிலும் எழில் கண்ட அவர், மக்களினங்களை மேலென்றும் கீழென்றும் வகுத்தமையும் நாம் ஏற்கத்தக்கதன்று. 1919இல் யேனாவில் அவர் மறைந்தார்.

நுணுக்குக்காட்டியின் முன் அமரும் நம் மாணவர் அவருடைய உழைப்பைக் கொள்க. அவர் வழுவிய இடத்தையும் மறவாதிருக்க. கூட்டில் முள்ளொன்று குறைந்திருப்பின் குறைந்தவாறே வரைதல் வேண்டும். அழகுக்காக அதனை நிரப்புவோமாயின், கடல் நமக்கு உணர்த்த வந்த செய்தியை நாமே அழித்தவராவோம்.