இசைக்கு இல்லந் திறந்த வள்ளல்

கலையை வளர்ப்பதென்றால் மேடையிலே பொன்னாடை போர்த்துவதும், விழா முடிவில் ஒரு தொகையை உறையிலிட்டுக் கொடுப்பதுமே என்று எம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். அவை வேண்டாதன அல்ல. ஆயின், அவற்றின் மேலும் ஒரு தொண்டு உண்டென்பதைத் தம் வாழ்வாற் காட்டிச் சென்றவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். அன்னாரின் பெயரை நாம் முதன்முதற் கேட்டது நாம் பயின்ற மிஷன் பாடசாலையிலேதான். கிறித்தவரான ஒருவரின் வரலாறு இந்து இளைஞர் மலரிலே எதற்கு என்று கேட்போருக்கு அவ்வரலாறே விடை கூறும்.

தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரை என்னும் ஊரில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 2ஆம் நாள் பண்டிதர் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்திலே சடையாண்டிப் பத்தர் என்பாரிடம் பிடில் கற்றார். அன்று பற்றிய இசைக்காதல் இறுதிவரை அவரை விட்டகலவில்லை. மருத்துவத்திலும் நாட்டங் கொண்டு, சுருளிமலையிலே கருணானந்தர் என்னும் துறவியை அடைந்து மூலிகை முறைகளைக் கற்றார். தஞ்சையில் ஆசிரியராகப் பணியாற்றியவர், 1890இல் அதனை விடுத்து முழுநேர வைத்தியரானார். கைராசியும் உழைப்பும் சேர்ந்து பெருஞ் செல்வத்தைக் கொணர்ந்தன. தஞ்சைக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் அமைத்து, குருவின் நினைவாகக் கருணானந்தபுரம் எனப் பெயரிட்டார். ஊரவர் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றழைத்தனர். 1909இல் அரசினர் ராவ் சாகிப் பட்டம் வழங்கினர்.

பொருள் சேர்த்தவர் பலர். சேர்த்த பொருளைப் பண்டிதர் என் செய்தார் என்பதே நாம் கருதத்தக்கது. 1912இலே சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1914க்குள் ஆறு இசை மகாநாடுகளைத் தஞ்சையிலே தம் சொந்தச் செலவில் நடாத்தினார். வித்துவான்களையும் அறிஞர்களையும் வரவழைத்து, விருந்தோம்பி, பாடவும் வாதிடவும் வைத்தார். ஒரு தாயியிலே சுருதிகள் இருபத்திரண்டு என்பது பலர் கொள்கை. இருபத்துநான்கு என்பது பண்டிதர் கொள்கை. தம்மை மறுப்போர்க்கும் அவையில் இடமளித்தமை அவர்தம் பெருந்தன்மை. 1916இல் பரோடாவிலே கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டுக்குத் தம் புதல்வியரை அழைத்துச் சென்று, அவர்தம் இசையாலேயே தம் கொள்கையை விளக்கினார். குடும்பப் பெண்கள் அவையேறத் தயங்கிய காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழ்ப் பிள்ளைகள் பொருளறிந்து பாடவேண்டுமென்று தாமே தமிழிற் கீர்த்தனைகள் இயற்றி 1907இல் வெளியிட்டார். 1917இலே கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூல் வெளிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட இந்நூல் அவரது சொந்த அச்சகத்திலேயே அச்சாயிற்று. கண்ணகி கதை கூறும் சிலப்பதிகாரத்திலே பழந்தமிழர் இசைமுறை பொதிந்து கிடப்பதை அதிலே ஆராய்ந்தார். தேவாரப் பண்களையும் எடுத்துக் காட்டினார். தம் சமயத்தில் உறுதியாக நின்றுகொண்டே, பிறர் சமயப் பாடல்களிலுள்ள இசையைத் தம் முன்னோர் தேட்டமாகப் போற்றினார். 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் அன்னார் மறைந்தார். நூலின் இரண்டாம் பகுதியை அவர்தம் புதல்வியார் 1946இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே, எம் ஈழத்துக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், அதே சிலப்பதிகாரத்தை ஆய்ந்து யாழ் நூலைத் தந்தார். ஒருவர் இட்ட வித்து வீண்போகாது.

இனி எம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியே சென்றால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் சந்நிதியை அடையலாம். பண்டிதர் ஏட்டிலே தேடிய கண்ணகி கதை, இம்மண்ணிலே கோவலன் கூத்தாக மத்தள ஒலியுடன் ஆடப்பட்டு வந்தது. போரும் இடப்பெயர்வும் வீடுகளோடு கூத்துக் கொப்பிகளையும் கொண்டுபோயின. 2009க்குப் பின் மீண்டுவந்த எமக்கு, எஞ்சியிருப்பது முதிய அண்ணாவிமாரின் நினைவே. அவர்கள் மறைந்தால் அந்த மெட்டுகளும் அவர்களோடு மறையும்.

எம்மிடம் பண்டிதர் தோட்டம் இல்லை. ஆனால் ஒரு திண்ணை உண்டு. ஒரு வேளைச் சோறு உண்டு. இளைஞர் கையிலே ஒலிப்பதிவு செய்யும் தொலைபேசியும் உண்டு. அண்ணாவியார் ஒருவரை வாரத்தில் ஒருநாள் மன்றத்துக்கு அழைத்து, உபசரித்து, அவர் பாடுவதை எழுதியும் பதிந்தும் வைப்போமாக. பொருளுடைய பெரியோர் போக்குவரவுச் செலவை ஏற்பார்களாக. பெண்பிள்ளைகளும் அருகிருந்து கற்பார்களாக. பொன்னாடையைப் பிறகு போர்த்தலாம். முதலில் அவரைப் பாடச் சொல்லிக் கேட்போம்.

வாழ்க பண்டிதர் நாமம்! வளர்க எம் மண்ணின் கலை!